"கையில் தாங்க முதலாளி" என்று சொல்கிறவர்களுக்கு

மறுபடியும் அதே கதை. புறக்கோட்டை பிரதான வீதியில் ஒரு துணிக்கடை. ஹட்டன் பக்கத்திலிருந்து இளைஞனாக வந்து சேர்ந்து, பதினாறு வருடம் அங்கேயே சாரி விரித்துக் காட்டியவர், நாற்பத்து மூன்று வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய மனைவி புதுக்கடையில் என் சட்டத்தரணி அலுவலகத்துக்கு வந்து, ஊழியர் சேமலாப நிதியத்தைப் பற்றி, அதுதான் ஈ.பீ.எப்., கேட்டது ஒன்றுதான்: "மிஸ், அவருடைய ஈ.பீ.எப். காசை எடுத்துத் தருவீங்களா?" இலக்கம் கேட்டேன், தெரியாது. அங்கத்தவருக்குரிய பி காட் என்ற அட்டையைக் கேட்டேன், பார்த்ததே இல்லை. கடைக்கு எழுதிக் கேட்டால் இரண்டு வரியில் பதில்: காலஞ்சென்றவர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் நிதியத்தில் சேராதிருந்தார்.

இந்தப் பதிலை எத்தனை கடைகளின் தலைப்புக் கடதாசியில் பார்த்துவிட்டேன். எரிச்சலாக இருக்கிறது. அதைவிடப் பெரிய எரிச்சல், பல நேரங்களில் அது உண்மை என்பது. ஆள் உண்மையிலேயே "எனக்கு ஈ.பீ.எப். வேண்டாம், கையில் தாங்க" என்று சொல்லியிருப்பார்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தில் விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்பு கட்ட வேண்டும். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, பயிலுநர், துண்டுக்கணக்கு, கொமிசன் என்று எந்தப் பெயரில் எடுத்திருந்தாலும் இதே கதைதான். "ஆறு மாதம் பார்த்துவிட்டுப் போடுவோம்" என்பது கடைகளாகக் கண்டுபிடித்த சட்டம். வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அந்தக் கடதாசி முதலாளியைக் காப்பாற்றாது.

சரி, அந்தக் "கையில் தாங்க" கணக்குக்கு வருவோம். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாத ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

உங்கள் சம்பளம் 50,000 ரூபாய் என்று வையுங்கள். உங்களிடமிருந்து பிடிப்பது 8 வீதம், அதாவது 4,000. முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது 12 வீதம், 6,000. இது தவிர 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு, அதுதான் ஈ.டீ.எப்., இன்னொரு 3 வீதம், 1,500. அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும், உங்களிடம் ஒரு சதமும் பிடிக்க முடியாது. ஆக, உங்கள் சம்பளத்திலிருந்து போனது 4,000. உங்கள் பெயரில் சேர்ந்தது 11,500.

"கையில் தாங்க" என்று சொன்னால் உங்களுக்குக் கிடைப்பது அந்த 4,000 மட்டும்தான், அதுவும் உங்களுடைய சொந்தக் காசு. மீதி 7,500 கடையோடு நின்றுவிடும். வருடத்துக்கு 90,000. பத்து வருடத்தில், வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலே, 9 இலட்சம். இந்த 9 இலட்சத்தை முதலாளிக்கு நீங்களாக அன்பளிப்புச் செய்திருக்கிறீர்கள். அவர் ஏன் "சரி தம்பி, உன் விருப்பம்" என்று அவ்வளவு பெருந்தன்மையாகத் தலையாட்டினார் என்று இப்போது விளங்குகிறதா?

நகைக்கடையில் வேலை செய்யும் ஒரு பொடியன், கணக்கில் கெட்டிக்காரன், என்னிடம் வாதாடினான்: "அந்த நாலாயிரத்தை நான் சீட்டில் போடுறேன் மிஸ்." தாராளமாகப் போடு. சீட்டில் நாலாயிரம் போட்டால் நாலாயிரம்தான் சேரும். பக்கத்தில் நின்று யாரும் உன் பெயரில் 7,500 போடப் போவதில்லை. வேலை மட்டும்தான் அதைச் செய்யும்.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். 8, 12, 3 எல்லாவற்றையும் கூட்டி 23 வீதத்தையும் சம்பளத்திலேயே கழித்துவிட்டு, "பாருங்கள், உங்கள் சம்பளம் ஈ.பீ.எப். போக இவ்வளவுதான்" என்று கையில் தரும் முதலாளிகள். தான் கட்ட வேண்டியதை ஊழியரின் சம்பளத்தில் கழிப்பது சட்டவிரோதம். ஈ.பீ.எப். பிடித்தால் சம்பளம் பாதியாகிவிடும் என்ற பயம் கடைத்தெரு முழுக்கப் பரவியதற்கு இவர்களும் ஒரு காரணம்.

அப்புறம், "அரசாங்கம்தானே மிஸ், கடைசியில் எல்லாவற்றையும் அதுவே தின்றுவிடும்" என்பார்கள். இந்தக் கோபத்தை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன், அதில் நியாயம் இருக்கிறது. நிதியத்தின் பணம் இன்று 4 டிரில்லியன் ரூபாயைத் தாண்டிவிட்டது. அதில் மிகப் பெரும்பகுதி திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனாகக் கிடக்கிறது. 2015இல் மத்திய வங்கியின் திறைசேரி முறி ஏலத்தில் கிளம்பிய மோசடி விவகாரத்தில் இந்த நிதியத்தின் பெயரும் அடிபட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனபோது, அந்த வருடத்துக்கு அங்கத்தவர்களுக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது வங்கிகளின் முறிகளை விட்டுவைத்தார்கள். ஓய்வுகால நிதியங்களிடம் மட்டும், முறிகளை நீண்ட காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கான 14 வீத வரி 30 ஆகும் என்றார்கள். நாட்டின் கடன் சுமையில் ஒரு பங்கைச் சாரி விரிக்கிறவரும் கணக்கெழுதுகிறவரும் தூக்கினார்கள் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்துக் கத்தியதும் சரிதான்.

ஆனால் அதற்குப் பதில் என்ன? நிதியத்தில் சேராமல் இருப்பது எப்படிப் பதிலாகும்? வட்டி குறைந்து போனது உங்கள் காசுக்கு. சேராவிட்டால் முதலாளியின் 15 வீதம் வருவதே இல்லை. குறைந்த வட்டியோடு கிடைக்கும் காசுக்கும், கிடைக்கவே கிடைக்காத காசுக்கும் இடையில்தான் உங்கள் தெரிவு. அரசாங்கத்தோடு கோபம் என்றால் கணக்கு வைத்திருக்கிற அங்கத்தவராகக் கோபப்படுங்கள்.

மலையகத்துப் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு தனி ஆதங்கம் உண்டு. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் கேட்டால் ஈ.பீ.எப். இலக்கத்தைச் சட்டென்று சொல்வார். தலைவர்மார் போராடிக் கொடுத்தது என்று அதன் அருமையும் தெரிந்து வைத்திருப்பார். அவருடைய மகன் கொழும்புக்கு வந்து, கடையின் மேல்மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்து, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நின்றுவிட்டு, "எனக்கு அது வேண்டாம்" என்கிறான். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள் தம்பி, அவர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்.

கடைகளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அநியாயம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஏ.சி. போட்ட அலுவலகங்களில் இதையே டை கட்டிக்கொண்டு செய்கிறார்கள். மொத்தம் 80,000 என்று பேசி, சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 30,000, மற்ற 50,000 நாலைந்து படிகளாகப் பிரிந்து நிற்கும். ஈ.பீ.எப். அந்த 30,000க்கு மட்டும். 30,000 எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம், 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அதுதான். ஆனால் சட்டம் பார்ப்பது மொத்த ஊதியத்தை. வாழ்க்கைச் செலவுப் படியும் அதுபோன்ற மற்றப் படிகளும் விடுமுறைக்குத் தரும் சம்பளமும் கணக்கில் வரும், ஓ.டி. வராது. நீங்கள் உண்மையில் செலவழித்த பயணக் காசைத் திருப்பித் தருவது வேறு விஷயம். எந்தப் படி உள்ளே, எது வெளியே என்பதில் வழக்காட இடம் இருக்கிறது. எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. "வியாபாரம் இல்லை மிஸ்" என்பது எனக்குத் தெரியும். 2022க்குப் பிறகு புறக்கோட்டையில் யாருக்குத்தான் சிரமம் இல்லை? ஆனால் உங்களுக்குப் பக்கத்துக் கடைக்காரர் அதே வாடகை, அதே மின்கட்டணத்தோடு 15 வீதத்தையும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்கிறார். நீங்கள் கட்டாமல் மிச்சம் பிடிப்பது அவருடைய வாடிக்கையாளரையும்தான் இழுக்கிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கும், தாமதம் ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 வீதம் வரை போகும். தொழில் ஆணையாளர் அதை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த் தண்டப்பணம் போல அறவிட முடியும். பதினைந்து வருட பாக்கியை ஒரேயடியாகக் கட்டச் சொன்னபோது கடையைப் பூட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கடையில் வேலை செய்தவர்களுக்கும் அதில் சந்தோஷம் இல்லை.

இனி ஊழியர்கள் செய்ய வேண்டியது. சேர்ந்தவுடன் நியமனக் கடிதம் கேளுங்கள், கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டப்படி அது உங்கள் உரிமை. முதல் சம்பளத்தோடு ஈ.பீ.எப். இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் கிடைத்தது என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். சம்பளச் சீட்டில் கழித்திருப்பார்கள், நிதியத்தின் காசை வைத்திருக்கும் மத்திய வங்கிக்குப் போயிருக்காது. நான் பார்க்கும் வழக்குகளிலேயே கேவலமானது இதுதான், உங்கள் காசையே எடுத்து வைத்துக்கொள்வது. பதிந்துகொண்டால் மீதியைக் கைபேசியிலேயே பார்க்கலாம், வருடத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

எதையும் எறியாதீர்கள். அந்தத் துணிக்கடையில் வேலை செய்தவரின் மனைவி ஒரு ஷொப்பிங் பை நிறையப் பழுப்பு நிறச் சம்பள உறைகள் கொண்டு வந்தார். கடையின் பெயர் இல்லை, முத்திரை இல்லை. பென்சிலில் மாதம், தொகை, கீழே "அட்வான்ஸ் 5,000", "சாப்பாடு 3,000" என்று கழிவுகள், கணக்கப்பிள்ளையின் சுருக்கொப்பம். பயனில்லை என்று நினைத்துத்தான் கொண்டு வந்தார். எனக்கு அது பொக்கிஷம். பல வருடங்களாக ஒரே கையெழுத்து, ஒரே சுருக்கொப்பம். கூடவே பில் புத்தகத்தில் அவருடைய சேல்ஸ்மன் இலக்கம், புதுவருடப் பூசையில் முதலாளியோடு எடுத்த படம், "நாளைக்கு வெள்ளென வா" என்று வந்த வாட்ஸ்அப் செய்திகள். வேலை செய்தார் என்பதை நிரூபிக்க இவ்வளவு போதும். தொழில் அதிகாரிக்குக் கடைக்குள் போய்ப் பதிவேடுகளைக் கேட்கும் அதிகாரம் உண்டு.

முறைப்பாட்டை உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்திலோ கொடுக்கலாம். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, என்னிடம் காசைச் செலவழிக்கவும் வேண்டாம். வேலையை விட்டு நிறுத்தினால் மட்டும் தாமதிக்காதீர்கள், தொழில் நியாய மன்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். பதினைந்துக்குக் குறைவு என்று காட்டுவதற்காக ஒரே கடையை அண்ணன் பெயரிலும் தம்பி பெயரிலும் பிரித்துப் பதிந்திருந்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

கல்யாணம் முடித்தவர்கள் பின்னுரித்தாளியின் பெயரை, அதாவது நீங்கள் இறந்தால் ஈ.பீ.எப். காசு யாருக்கு என்று எழுதிக் கொடுத்த பெயரை, போய்ப் பாருங்கள். இருபது வயதில் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர். பிறகு மாமியாரும் மருமகளும் என் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அழுகிறார்கள். அந்தப் படிவத்தை இந்த மாதமே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.