செக்காய்-கே: இருவருக்குள் அடங்கும் உலகம்

ஜப்பானிய இயங்குபடங்களான அனிமேயின் ரசிகர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் 'இவாஞ்சலியன்' தொடரின் முடிவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இரண்டு கட்சி ஆகிவிடும். 1995 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்த 26 பகுதித் தொடர் அது. இயக்கியவர் ஆன்னோ ஹிதெயாக்கி. உலகை அழிக்க வரும் 'தூதர்'களோடு ராட்சத எந்திரங்களில் ஏறி 14 வயதுப் பிள்ளைகள் போரிடுகிறார்கள். ரகசிய நிறுவனம், அதற்கும் மேலே ஒரு ரகசியக் குழு, அவர்களுடைய திட்டம் என்று முடிச்சு மேல் முடிச்சாகக் கதை ஏறிக்கொண்டே போகும். ஆனால் 25-ஆம் பகுதியும் 26-ஆம் பகுதியும் அந்த முடிச்சுகளைத் தொடவே இல்லை. ஷிஞ்சி என்ற பையன் நாற்காலியில் உட்கார்ந்து 'நான் ஏன் இங்கே இருக்கிறேன்' என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். அசையாத படங்களும் பென்சில் கோட்டோவியங்களும் வந்து போகின்றன. கடைசியில் எல்லோரும் அவனைச் சுற்றி நின்று கைதட்டி 'வாழ்த்துகள்' என்கிறார்கள். அவ்வளவுதான்.

'ஏமாற்றிவிட்டார்கள்' என்பது ஒரு கட்சி. 'எனக்காகவே எடுத்தது போல இருந்தது' என்பது இன்னொரு கட்சி. இந்தச் சண்டையின் வழிவந்த ஒரு கதைவகைப் பெயர்தான் 'செக்காய்-கே'. அறிபுனை அனிமே பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் இப்போது இதைப் பயன்படுத்துகிறார்கள். சிலர் 'உலக அழிவுக் கதை' என்று மொழிபெயர்த்தும் விடுகிறார்கள். அது தவறு. ஏன் தவறு என்று பார்ப்போம்.

முதலில் சொல்லின் உடல். 'செக்காய்' என்றால் ஜப்பானிய மொழியில் உலகம். இரண்டு சீன எழுத்துகள் சேர்ந்த சொல் இது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் 'லோகதாது' என்ற வடசொல்லுக்கு இணையாக இதை எடுத்துக்கொண்டார்கள். முதல் எழுத்து தலைமுறையையும் காலத்தையும் குறிக்கும். இரண்டாவது எல்லையை, அதாவது வரையறுத்த இடத்தைக் குறிக்கும். காலமும் இடமும் சேர்ந்தால் உலகம். 'முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு' என்று தொல்காப்பியம் முதற்பொருளுக்குச் சொன்னது நினைவுக்கு வருகிறதா? அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'கே' என்பது தொடர்ச்சி, வழி, வகை. இந்த எழுத்துக்குள் நூலைக் குறிக்கும் வடிவம் இருக்கிறது. ஒரே நூலில் கோத்தவை என்ற பொருள் அங்கிருந்து வருகிறது. நாம் 'சூரியக் குடும்பம்' என்பதை அவர்கள் 'தாய்யோ-கே' என்கிறார்கள். ஷிபுயா பகுதியை ஒட்டி எழுந்த இசைவகை 'ஷிபுயா-கே'. ஆக, நேர்ப்பொருள் 'உலக வகை'. இதைத் தமிழில் அப்படியே வைத்தால் எதுவும் விளங்காது.

ஜப்பானியர்கள் இந்தச் சொல்லை எழுதும்போது செய்யும் ஒரு சின்னக் காரியத்தில்தான் விஷயமே இருக்கிறது. வழக்கமான சீன எழுத்துகளை விட்டுவிட்டு, 'செக்காய்' என்பதைக் கத்தக்கானாவில் எழுதுகிறார்கள். கத்தக்கானா பெரும்பாலும் அயற்சொற்களுக்கான எழுத்துமுறை. பழகிய சொல்லை அதில் எழுதினால் அது கொஞ்சம் அந்நியமாகிவிடும். நாடுகளும் ஊர்களும் சந்தையும் சட்டமும் உள்ள உலகம் இல்லை, ஒரு பையனோ பெண்ணோ 'உலகம்' என்று உணரும் ஏதோ ஒன்று என்று அந்த எழுத்தே சொல்லிவிடுகிறது. நம் எழுத்தில் இந்த வசதி இல்லை. எனவே நாம் சொல்லால்தான் இதை ஈடுகட்ட வேண்டும்.

சொல் பிறந்தது 2002-இன் கடைசியில். ஜப்பானிய ரசிகர் ஒருவர், இவாஞ்சலியன் சாயலில் வந்த படைப்புகளை, குறிப்பாகத் தன்னைப் பற்றியே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் கதைகளை, இலேசான கேலியோடு இப்படி அழைத்தார். தன் மனத்தை உலகம் என்று நினைத்துக்கொள்கிற கதைகள் என்பது போன்ற கேலி. அப்புறம் விமர்சகர்கள் கையில் சொல் வேறு உருவம் எடுத்தது. அசுமா ஹிரோகி போன்றவர்கள் பேசிய பிறகு நிலைத்த வரையறை ஏறக்குறைய இதுதான்: 'நீயும் நானும்' என்ற சிறிய உறவு, நடுவில் எதுவும் இல்லாமல், உலகத்தின் முடிவு என்ற பெரிய பிரச்சினையோடு நேராக இணைந்துவிடும் கதை.

'நடுவில் எதுவும் இல்லாமல்' என்பதுதான் உயிர்நாடி. அரசு, படை, வேலை, ஊர், அண்டைவீடு என்று நமக்கும் உலகத்துக்கும் நடுவே இருக்கும் எல்லாம் மறைந்துவிடுகின்றன. 1979-இல் தொடங்கிய முதல் 'குண்டம்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு பையன் எந்திரத்தில் ஏறிப் போரிடுகிறான். ஆனால் இரண்டு அரசுகள், அவற்றின் அரசியல், அகதிகள், தளவாடம், மேலதிகாரியின் கட்டளை எல்லாம் அங்கே உண்டு. அது செக்காய்-கே இல்லை. 'சாய்கானோ' என்ற கதையில் ஹொக்காய்டோவின் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி பேரழிவு ஆயுதமாக மாற்றப்படுகிறாள். யாரோடு போர், எதற்காகப் போர் என்று கதை தெளிவாகச் சொல்வதே இல்லை. அவளும் அவள் காதலனும் மட்டும்தான் தெரிகிறார்கள். இது செக்காய்-கே.

இந்த வகையின் தூய வடிவம் எது என்று என்னைக் கேட்டால், ஷின்காய் மகோத்தோ 2002-இல் ஏறக்குறைய தனியாளாக உருவாக்கிய 'ஹோஷி நோ கோயே' என்ற குறும்படம் என்பேன். 25 நிமிடம்தான். மிக்காகோ விண்வெளிப் போருக்குப் போகிறாள், நொபோரு பூமியில் இருக்கிறான். இருவருக்கும் நடுவே கைப்பேசிச் செய்திகள் மட்டும். அவள் தொலைவு போகப் போகச் செய்தி வந்துசேரும் நேரம் நீள்கிறது. கடைசியில் எட்டு ஆண்டுகளுக்கும் மேல். கைப்பேசி அலை எட்டும் இடம்தான் உலகம் என்று முன்பு நினைத்திருந்ததாக மிக்காகோ தொடக்கத்திலேயே சொல்கிறாள். இந்தக் கலைச்சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அதன் பொருளைச் சொல்லிவிட்ட பெண் அவள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

'உலக அழிவுக் கதை' கூடாது என்றேன். விண்கல் விழும் படமும் சுனாமிப் படமும் அந்தப் பெயருக்குள் வந்துவிடும். அவற்றில் அமைச்சர்களும் விஞ்ஞானிகளும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். நடுப்பகுதி நிறைந்த கதைகள் அவை.

அகம், புறம் என்ற நம்முடைய பாகுபாடு இங்கே பெரிய கொடை. இவாஞ்சலியனின் முடிவைத் திட்டியவர்கள் புறத்துக்கு விடை கேட்டார்கள்: போர் என்ன ஆனது, அந்தத் திட்டம் என்ன ஆனது? கொண்டாடியவர்கள் அகத்துக்கு விடை பெற்றார்கள். நெடுநல்வாடை அகமா புறமா என்று உரைகாரர்கள் வாதிட்டதும் இதே போன்றதுதான். பிரிவில் வாடும் தலைவியைப் பாடும் அந்தப் பாட்டில், வேலில் கட்டிய வேப்பந்தார் பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதனால் நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றார். ஒரு வேப்பந்தார் போதும், நடுப்பகுதி உள்ளே வந்துவிடும்.

முதற்பொருளை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான். அகப்பாட்டில் நிலமும் பொழுதும் உரிப்பொருளுக்காக, அதாவது பாட்டின் உணர்வுக்காக நிற்கின்றன. பாலை நிலத்தின் வெயில் என்றால் அங்கே பிரிவு இருக்கிறது. மிக்காகோவின் விண்வெளியும் ஒரு பாலைதான். 'நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று' என்று தேவகுலத்தாரின் குறுந்தொகைத் தலைவி தன் நட்பை அளக்கிறாள். ஆனால் வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அவள் வானத்தை அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்கிறாள். செக்காய்-கேயில் வானமே இடிந்து விழும்.

எனவே 'அகவுலகக் கதை' என்ற பெயரை முதலில் நினைத்தேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. 'அகவுலகம்' ஏற்கெனவே உளவியல் நாவல்களுக்குப் புழங்கும் சொல். தன்னைப் பற்றியே பேசும் கதை என்ற 2002-ஆம் ஆண்டின் பழைய பொருளுக்கு அது பொருந்தும். 'நீயும் நானும்' என்ற நிலைத்த பொருளுக்குப் போதாது. அதற்கு நான் பரிந்துரைப்பது 'இருவருலகக் கதை'. இருவர் மட்டுமே இருக்கும் உலகம், இருவரால் நிற்கும் அல்லது விழும் உலகம் என்ற இரண்டும் அதற்குள் அடங்கும். சொன்னவுடன் விளங்கும்.

எப்படிப் புழங்கும் என்று பார்க்கலாம். ஷின்காயின் 2019-ஆம் ஆண்டுப் படமான 'தென்கி நோ கோ', இருவருலகக் கதை திரும்பி வந்ததற்குச் சான்று. மழை நிற்பதற்காகப் பலியாகிப்போன ஹினா என்ற பெண்ணை அவளை நேசிக்கும் ஹொதாக்கா திரும்ப அழைத்துவருகிறான், டோக்கியோவில் மழை ஓயாமல் பெய்து நகரத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்குகின்றன. இது தன்னலம் என்று சில ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரு பெண்ணைப் பலி கொடுத்துத்தான் வெயில் வரவேண்டுமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நான் இரண்டாவது பக்கம்.

இன்னொரு பயன்பாடு. ஆன்னோ அதே கதையை மீண்டும் எடுத்து 2021-இல் நிறைவுசெய்த கடைசி இவாஞ்சலியன் படம் இருவருலகக் கதை அல்ல. பேரழிவில் தப்பியவர்கள் அமைத்த ஒரு சிற்றூர் அதில் வருகிறது. கைக்குழந்தை இருக்கிறது, ஊருக்கு ஒரு மருத்துவர் இருக்கிறார், போரிட மட்டுமே தெரிந்த ஒரு பெண் ஊர்ப் பெண்களோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறாள். முன்பு காணாமல் போயிருந்த நடுப்பகுதி முழுவதும் அங்கே இருக்கிறது. முடிவுக் காட்சி, ஆன்னோ பிறந்த ஊபே நகரத்தின் ரயில் நிலையத்தில் நடக்கிறது. ஷிஞ்சி அங்கிருந்து வெளியே ஓடுகிறான், ஓவியம் மெல்ல விலகி உண்மையான ஊரின் கூரைகளும் தெருக்களும் தெரிகின்றன.