ஈபிஎஃப் வெட்ட வேணாம் எண்டு நீங்களே சொல்லாதீங்க

போன கிழமை ஒரு ஐயா வந்தவர். நிலாவெளிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல 9 வருசம் குசினி வேலை. இப்ப முழங்கால் ஏலாது, நிப்பாட்டிட்டாங்க. ஷொப்பிங் பேக்குக்குள்ள ஒரு சிஆர் கொப்பி, மாசம் மாசம் வாங்கின சம்பளத்தத் தன்ர கையால எழுதி வச்சிருக்கார். "தம்பி, எனக்கு ஈபிஎஃப் எவ்வளவு வரும்?" எண்டு கேட்டார். ஈபிஎஃப் எண்டா ஊழியர் சேமலாப நிதி, உங்கட சம்பளத்தில கொஞ்சமும் முதலாளி போடுறதும் சேந்து உங்கட பேரில சேர்ற காசு. அதுக்கான மெம்பர் நம்பர் கேட்டன். நம்பரே இல்ல. இந்த வருசம் இப்பிடி என்னட்ட வந்த ஏழாவது ஆள்.

நான் திருகோணமலையில கடை, ஹோட்டல்களுக்கு சம்பளக் கணக்குப் பாக்கிற ஆள். நாட்டில வேலையின்மை 4, 5 வீதம்தான் எண்டு நியூஸ்ல வந்தா, இப்ப வேலை தாராளம் எண்டு சனம் கதைக்குது. அந்தக் கணக்கெடுப்பில கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கூலிக்குப் போனவரும் வேலை உள்ளவர்தான். வேலை செய்யிற ஆக்கள்ல பாதிக்கு மேல முறைசாராத் தொழில்ல, நம்பரும் இல்ல சிட்டையும் இல்ல. 2024ல சுற்றுலாக்காரர் 20 லட்சத்தத் தாண்டி வந்தாங்க, உப்புவெளியில மே தொடங்கினா ஆள் தேடுறாங்க, ஆனா எடுக்கிறதெல்லாம் வாய்ப்பேச்சில, செப்டம்பர் முடிய பிறகு பாப்பம் எண்டு.

எனக்கு ஆத்திரம் வாறது முதலாளிமாரில மட்டும் இல்ல. பொடியங்களே வந்து "அண்ணே, ஈபிஎஃப் வேணாம், கைக்கு வாறது குறையும்" எண்டு சொல்றாங்க. ஒருக்கா இருந்து கணக்குப் பாருங்க. சம்பளம் 40,000 எண்டா உங்கட 8 வீதம் 3,200. அத மட்டும்தான் பாக்கிறீங்க. முதலாளி தன்ர காசில 12 வீதம், 4,800 போடோணும், அதுக்கு மேல ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,200. உங்கட பேரில மாசம் 9,200 விழுது. 3,200 கையில வேணும் எண்டு நிண்டு 6,000 ரூபாய விட்டுட்டுப் போறீங்க, ஒவ்வொரு மாசமும். அந்த ஐயாட கடைசிச் சம்பளமும் 40,000தான், முந்தி குறைவா இருந்தாலும் 9 வருசத்துக்கு வட்டியோட சேத்தா எவ்வளவு வந்திருக்கும் எண்டு நீங்களே பெருக்கிப் பாருங்க. அது அவர்ட காசு. வேணாம் எண்டு நீங்க கையெழுத்து வச்சுக் குடுத்தாலும் சட்டப்படி அது செல்லாது, 1958ம் ஆண்டுச் சட்டம், முதல் நாள்ல இருந்து கட்டோணும். சீசன் ஆளுக்கும் உண்டு, ட்ரெய்னிங்ல இருக்கிறவருக்கும் உண்டு, நாள் சம்பளத்துக்கும் உண்டு.

சில இடத்தில அந்த 12ஐயும் உங்கட சம்பளத்திலயே வெட்டுறாங்க. அது களவு, வேற பேர் இல்ல. முதலாளிமாரே, பிந்திக் கட்டினா மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரைக்கும் ஏறும், நான் சொல்லேல்ல எண்டு பிறகு சொல்லாதீங்க. 2026 ஜனவரியில இருந்து ஆகக்குறைஞ்ச மாசச் சம்பளமும் 30,000.

வேலைக்குச் சேர்ற அண்டைக்கே மெம்பர் நம்பர் கேளுங்க. மாசம் மாசம் பே சிலிப் வாங்குங்க, தராட்டி சம்பளத்த பேங்குக்குப் போடச் சொல்லுங்க. ஐடியில இருக்கிற பேரும் ஈபிஎஃப்ல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்டா இருக்கோணும், எங்கட பேர இங்கிலீசில ஆளுக்கு ஒரு மாதிரி எழுதி, இனிஷியலும் மாறி, காசு எடுக்கப் போற நேரம் எத்தின பேர் அலையிறாங்க தெரியுமா. பிள்ளையள், வெக்கப்படாமக் கேளுங்க. தராட்டி தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில முறைப்பாடு குடுங்க, வேலையில இருக்கேக்கயே குடுங்க, 9 வருசம் கழிச்சு இல்ல.

ஐயாட கொப்பிய முழுக்க போட்டோகொப்பி எடுத்து முறைப்பாட்டோட வச்சிருக்கிறன். அவரோட அந்தக் குசினியில நிண்ட ரெண்டு பேர் கடிதம் தர ஓமெண்டிருக்காங்க. வேற யாரும் அவரோட வேலை செஞ்சிருந்தா வாற திங்கக்கிழமைக்கு முதல் ஐடியோட ஒருக்கா வந்துட்டுப் போங்க.