கால் மைல் குறைந்தாலும் கணக்கில் வராது

1938 ஜூலையில் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் சந்திரசேகருக்கு ஒரு கடிதம் எழுதினார். எரிந்து தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ளன் விண்மீன்கள் எவ்வளவு நிறை வரை தாங்கும் என்ற விஷயத்தில், மூன்று வருடங்களுக்கு முன் லண்டனில் சபை நடுவே அந்தத் தமிழ் இளைஞரைக் கேலி செய்தவர் இவர்தான். கடிதத்தில் அந்தச் சண்டையின் கசப்பு தெரியவில்லை, சைக்கிள் இருந்தது. தன் சைக்கிள் எண் இன்னும் 75-லேயே நிற்கிறது, ஈஸ்டரின்போது இரண்டு தடவை 74¾ மைல் ஓட்டியும் அவை கணக்கில் சேராமல் போய்விட்டன, அடுத்த தாவலுக்கு இன்னும் நான்கு சவாரி பாக்கி என்று குறைபட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 55.

எடிங்டன் எண் என்று இன்று சொல்லப்படும் அந்த எண்ணின் விதி எளிது. குறைந்தது 20 மைல் வீதம் குறைந்தது 20 நாட்கள் ஓட்டியிருந்தால் உங்கள் எண் 20. 21 ஆக வேண்டுமானால் 21 மைலோ அதற்கு மேலோ ஓட்டிய நாட்கள் 21 வேண்டும். 1944-இல் எடிங்டன் இறந்தபோது அவருடைய எண் 84. மைலில் 84 என்றால் 135 கிலோமீட்டர். நம் மொரீஷியஸ் தீவின் நீளம் நேர்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டர்; வடக்கே புறப்பட்டுத் தெற்கு முனையைத் தொட்டுத் திரும்பினாலும் 130-தான். அப்படி 84 நாட்கள்!

கோப்பை இல்லை, கைதட்ட ஆளில்லை. கால் மைல் போதாமல் போனதற்காக ஒரு பெரிய விஞ்ஞானி வருத்தப்படுகிறார் என்றால், அந்த வருத்தத்தை உண்டாக்குவது எது?

விடையின் முதல் பாதி குரங்குகளிடமிருந்து வந்தது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர், குரங்கின் மூளையில், செல்களுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனமான டோபமைனைச் சுரக்கும் செல்களை ஒட்டி மின்முனை வைத்துப் பார்த்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டு பழச்சாறு கிடைத்தால் செல்கள் படபடவெனத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழக்கியபின், துடிப்பு விளக்கு எரியும் கணத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் செல்கள் அடங்கின. ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் மூவரும் 1997-இல் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள்: டோபமைன் காட்டுவது இன்பத்தின் அளவை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று எழுதித் தள்ளுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

நம் சைக்கிள் சவாரிக்கு வருவோம். தினமும் அதே ரோஸ் ஹில் சாலை, அதே திருப்பம், முடிவில் அதே கடையில் ஒரு ஜோடி டால் பூரி. முதல் வாரம் அது பரிசு. மூன்றாம் வாரம் வெறும் காலைச் சாப்பாடு. பூரியின் ருசி குறையவில்லை, வித்தியாசம்தான் பூஜ்யமாகிவிட்டது. சரிசெய்ய பரிசைப் பெரிதாக்க வேண்டியதில்லை, நிச்சயத்தைக் குறைத்தால் போதும். 2003-இல் ஷுல்ட்ஸ் குழு வெளியிட்ட முடிவின்படி, அறிகுறிக்கும் பரிசுக்கும் நடுவே மெல்ல ஏறும் டோபமைன் செயல்பாடு, பரிசு வரும் வாய்ப்பு சரிபாதியாக இருக்கும்போதுதான் உச்சத்தில் இருந்தது. சரிபாதி வாய்ப்பு வேண்டுமானால் சட்டைப்பையில் ஒரு ரூபாய் இருக்கிறது. சந்திப்பில் நின்று சுண்டிப் பாருங்கள். முதல் பிரதமர் ராம்குலாமின் முகம் விழுந்தால் கரும்புத் தோட்ட வழி, மறுபக்கம் விழுந்தால் கடற்கரை வழி. கடைக்குப் போகிற நாளையும் நாணயமே தீர்மானிக்கட்டும்.

மறுபாதி, முடிவு கண்ணில் படுவது. எலிகள் தீனியை நெருங்க நெருங்க வேகம் கூட்டுகின்றன என்பதை 1930-களில் கிளார்க் ஹல் கவனித்தார். மனிதர்களும் அப்படியே. 2006-இல் நூன்ஸும் டிரெஸும் கார் கழுவும் இடத்தில் 300 வாடிக்கையாளர்களுக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 8 கட்டம்; மீதிப் பேருக்கு 10 கட்டம், அதில் இரண்டு ஏற்கெனவே குத்தியது. இருவருக்கும் பாக்கி எட்டுதான். ஆனால் முடித்தவர்கள் முதல் கூட்டத்தில் 19 சதவீதம், இரண்டாவதில் 34. கொஞ்ச தூரம் வந்துவிட்டோம் என்ற நினைப்பே கால்களுக்குப் பலம்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் என்று எல்லை இருப்பதால் ஏழாம் நாள் 'இன்னும் மூன்றுதான்' என்று மனம் எண்ணத் தொடங்குகிறது. 'இனிமேல் தினமும் சைக்கிள்' என்ற சபதத்தில் கொடியிறக்கம் எப்போது? எல்லை இல்லாததால் நெருங்குவதும் இல்லை. எடிங்டன் எண்ணிலோ ஒவ்வொரு தாவலும் ஒரு சின்ன எல்லை. 'இன்னும் நான்கு சவாரி' என்று அவர் எழுதியது அதனால்தான்.

நம் தீவுக்கு இந்த எண் இன்னொரு விதத்திலும் பொருந்தும். பலர் குறித்துவைப்பது சராசரி வேகம். இங்கே அது வேலைக்காகாத அளவுகோல். தென்கிழக்குக் காற்று வருடம் முழுவதும் வீசும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பலமாக. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர் மீது 15 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், உடம்பு உணர்வது 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 35-இன் வர்க்கத்தை 20-இன் வர்க்கத்தால் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். அதே வேகத்தைக் காக்க மூன்று மடங்கு தடையைத் தள்ள வேண்டும். நேற்றைவிட நன்றாக மிதித்தும் சைக்கிள் மீட்டரின் திரை குறைந்த வேகத்தைக் காட்டும். டோபமைன் செல்கள் அடங்கும். மறுநாள் சைக்கிள் மூலையில் சாய்ந்திருக்கும். தூரத்தைக் காற்று தொட முடியாது.

காற்றோடு சேர்ந்து சவாரியின் வடிவத்தையும் யோசிக்கலாம். 1993-இல் டேனியல் கானமன் குழு ஆட்களின் கையைக் குளிர்ந்த நீரில் வைக்கச் செய்தது: ஒரு தடவை 14 டிகிரியில் 60 வினாடி, இன்னொரு தடவை அதே 60 வினாடியோடு கூடுதலாக 30 வினாடி, அதற்குள் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது 69 சதவீதத்தினர் நீளமானதையே தேர்ந்தார்கள். நினைவில் தங்குவது உச்சமும் முடிவும். மொத்த நேரம் அல்ல.

போர்ட் லூயியில் இருப்பவருக்கு இது இயற்கை கொடுத்த வரம். பழைய ரோயல் ரோட்டில் கியூர்பிப் நோக்கிப் போனால் 20 கிலோமீட்டர் அளவில் சுமார் 550 மீட்டர் ஏற்றம், முகத்தில் காற்று. ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்றால் அந்த உயரத்துக்குத் தூக்கவே 430 கிலோஜூல் வேலை. தசைகள் எரிக்கும் சக்தியில் கால்வாசிதான் பெடலுக்குப் போய்ச் சேரும் என்பதால், ஏற்றத்துக்கு மட்டும் 400 கலோரிக்கு மேல் ஆகும். திரும்பும்போது இறக்கமும் முதுகுக் காற்றும் சேர்ந்து தள்ளும். மனம் அதைத்தான் எடுத்துவைக்கும்.

கியூர்பிப்வாசிகள் பாவம், அவர்களுக்கு எல்லாம் தலைகீழ். காலையில் வழுக்கிக்கொண்டு வேலைக்கு. மாலையில் களைத்த உடம்போடு ஏற்றம், காற்று, பெரும்பாலும் மழை. இவர்கள் முடிவைச் செயற்கையாக மாற்ற வேண்டும். கடைசி செங்குத்துக்கு முன்பே நின்று 5 நிமிடம் இளைப்பாறி, மிச்ச தூரத்தை மிக லேசான கியரில், மூச்சு வாங்காமல் ஓட்டி வீடு சேரலாம். தேநீர்க் கடையை வழியின் நடுவிலிருந்து கடைசிக்கு நகர்த்தலாம்.

எண்ணும் முறை: நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி, அன்றைய மொத்தக் கிலோமீட்டர் மட்டும். எண் இப்போது 20 என்றால், 21-ஐத் தொட்ட நாட்களை எண்ணுங்கள். 14 இருந்தால் பக்கத்தின் தலையில் '7' என்று பெரிதாக எழுதுங்கள். கண் அதில்தான் விழ வேண்டும். எண் 30-ஐத் தொடக் குறைந்தது 900 கிலோமீட்டர், 50-க்கு 2,500, நூறுக்கு 10,000. தொடக்கத்தில் விறுவிறுவென ஏறும், பிறகு பிடிவாதம் பிடிக்கும். வேலைக்குப் போய்வர 24 கிலோமீட்டர் என்றால் 24-இல் அப்படியே நின்றுவிடும். அந்தச் சமயத்தில் வீட்டைத் தாண்டி 4 கிலோமீட்டர் சுற்றி வருவதுதான் வழி. 40-ஐ எட்டச் சரியாக 40 ஓட்டுகிறவர்கள் ஏமாறுவார்கள், 41-க்குப் போகும்போது அத்தனையும் செல்லாக்காசு. 43, 44 என்று கொஞ்சம் தாராளமாக ஓட்டிவைப்பது புத்தி.

'தொடர்ந்து இத்தனை நாள்' என்ற கணக்கைவிட இது மேல். புயல் எச்சரிக்கையில் நான்கு நாள் வீட்டில் அடைந்தால் தொடர் அறுந்துபோகும், அறுந்ததும் பலர் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். எடிங்டன் எண் ஒருபோதும் இறங்காது. பழக்கமும் அவ்வளவு நொய்மையானதல்ல: 2010-இல் பிலிப்பா லாலி குழு 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

பிள்ளைகளுக்குச் சவாரிக்கு இவ்வளவு என்று காசு பேசாதீர்கள். 1973-இல் லெப்பர் குழு பாலர் பள்ளிக் குழந்தைகளிடம், படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னது. பிறகு அவர்கள் தாமாக வரைந்த நேரம் குறைந்துபோனது. சொல்லாமல் கொடுத்தவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

கடைசியாக, சக்கரத்தில் பொருத்தும் மீட்டர். சக்கரச் சுற்றளவைத் தவறாகக் கொடுத்தால் எல்லாக் கணக்கும் பாழ். 700×28 டயருக்கு 2,136 மில்லிமீட்டர், 700×25-க்கு 2,105. டயரை மாற்றிவிட்டு மீட்டரை மறந்தவர்கள் நிறைய. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் காற்றை வழக்கமான அளவுக்கு அடித்து, வால்வு தரையைப் பார்க்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, சீட்டில் உட்கார்ந்தபடி நேராக மூன்று சுற்று உருட்டி, தூரத்தை அளந்து மூன்றால் வகுங்கள். 28 டயரில் 25-இன் எண்ணைப் போட்டு வைத்திருந்தால், 50 கிலோமீட்டர் மிதித்துவிட்டு வீட்டு வாசலில் இறங்கும்போது திரையில் 49.3 என்றிருக்கும்.