மாத்திரை அட்டையில் அச்சாகும் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு விலை இருக்கும். கம்பெனிக்காரர்கள் இஷ்டத்துக்குப் போட்டதுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். எல்லா மருந்துக்கும் அப்படி இல்லை. இந்தியாவில் சில நூறு மருந்துகளுக்கு 'இதற்கு மேல் விற்கக் கூடாது' என்று அரசே உச்ச விலை வைக்கிறது. 2013 மே மாதம் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைதான் இதற்கு அடிப்படை. அதைச் செயல்படுத்துவது டெல்லியில் உள்ள தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம்.

எந்தெந்த மருந்து? மத்திய சுகாதாரத் துறை வெளியிடும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. 2022 பட்டியலில் 384 மருந்துகள் உண்டு. இதில் ஒரு நுணுக்கம்: மருந்தின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால் போதாது. மாத்திரையா, ஊசியா, எத்தனை மில்லிகிராம் என்பதும் பொருந்த வேண்டும்.

கணக்கு இப்படி. ஒரே மருந்தை விற்கும் கம்பெனிகளில், சந்தையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ளவற்றை எடுத்துக்கொள்வார்கள். அவை மருந்துக்கடைக்குக் கொடுக்கும் விலைகளின் சராசரியோடு கடைக்காரரின் லாபமாக 16 சதவீதம் சேர்த்தால் உச்ச விலை. உதாரணத்துக்கு மூன்று கம்பெனிகள் ஒரு மாத்திரையை 8, 6, 4 ரூபாய்க்குக் கொடுக்கின்றன என்று வையுங்கள். சராசரி 6, உச்ச விலை 6.96 ரூபாய். இதோடு ஜிஎஸ்டி வரியையும் சேர்த்ததுதான் அட்டையில் போடக்கூடிய அதிகபட்ச விலை. ஏற்கெனவே இதைவிடக் குறைவாக விற்பவர், இதைச் சாக்காக வைத்து விலையை இந்த உயரத்துக்கு ஏற்றிவிட முடியாது.

1995-ஆம் ஆண்டு ஆணையில் தயாரிப்புச் செலவை வைத்து விலை போட்டார்கள். இப்போது சந்தை விலையே அளவுகோல். எல்லோருமே கூடுதலாக விற்றுக்கொண்டிருந்தால் சராசரியும் கூடுதலாகத்தானே வரும்? இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அரசு துணிந்து வெட்டிய இடமும் உண்டு. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும், மருந்து பூசிய ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி விற்றது. 2017 பிப்ரவரியில் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரலில் மொத்த விலைக் குறியீட்டை (மொத்தச் சந்தையில் விலைகள் எவ்வளவு மாறின என்ற கணக்கை) ஒட்டி உச்ச விலை மாறும். 2023-இல் 12 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வழி கிடைத்தது. 2024-இல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு உச்ச விலை கிடையாது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, விலையை இன்னும் அழுத்தினால் என்ன? மருந்தே கடைக்கு வராமல் போகும். கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் தயாரிப்பை விட்டுவிட்டால், மலிவு விலை காகிதத்தில்தான் இருக்கும். அதனால்தான் 2024 அக்டோபரில் ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் உட்பட எட்டு மருந்துகளின் உச்ச விலையை ஆணையமே 50 சதவீதம் உயர்த்தியது. பட்டியலில் உள்ள மருந்தின் தயாரிப்பை நிறுத்த வேண்டுமானால் ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும் என்ற விதியும் இந்தப் பயத்தில் வந்ததுதான்.

இனி கடையில் நமக்கு என்ன உரிமை என்று பார்ப்போம். அட்டையில் உள்ள விலையில் வரியும் அடக்கம். அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் மருந்துக்கடைக்கும் இதே விதிதான். பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டித் தந்தால் நான்குக்கு உரிய பணம் மட்டுமே வாங்கலாம்.

உச்ச விலை எவ்வளவு என்று பார்க்க 'ஃபார்மா சஹி தாம்' என்ற ஆணையத்தின் செயலி இருக்கிறது. கூடுதலாக வாங்கியிருந்தால் ஆணையத்துக்குப் புகார் செய்யலாம். பில்லும், விலையும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) தெரியும் அட்டையும் கையில் இருக்கட்டும். பில் இல்லாவிட்டால் புகாரை நிரூபிப்பது கஷ்டம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: உச்ச விலையை மீறிய கம்பெனியிடமிருந்து வட்டியோடு வசூலிக்கும் பணம் அரசுக் கணக்குக்குத்தான் போகும், மருந்து வாங்கியவர் கைக்கு வராது.