ஈரம் இருந்தும் வாடும் மக்காச்சோளம்

பிரேசிலின் நடுவே செராடோ என்றொரு நிலப்பரப்பு இருக்கிறது. ஏறத்தாழ 20 கோடி ஹெக்டேர், செம்மண், சமவெளி. ஆனால் மண்ணில் அமிலம் அதிகம். சுண்ணாம்பும் உரமும் போட்டுத்தான் அங்கே பயிர் எடுக்கிறார்கள். அப்படிப் போட்டும் ஒரு தொல்லை தீரவில்லை. மழைக்காலத்துக்கு நடுவே சில வாரம் மழை நின்றுவிடும். உடனே மக்காச்சோளம் இலையைச் சுருட்டிக்கொள்ளும். தோண்டினால் இரண்டடி ஆழத்தில் நல்ல ஈரம் இருக்கும், வேர்தான் இருக்காது.

காரணம் இரண்டு. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு பிஎச்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். அது 5-க்குக் கீழே இறங்கினால், களிமண்ணில் பிணைந்து கிடந்த அலுமினியம் கரைந்து வெளியே வரும். அந்த அலுமினியம் நேராக வேர்நுனியைத் தாக்கும். சில மணி நேரத்திலேயே வளர்ச்சி தடைபடும். அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கினால் வேர் தடித்து, குட்டையாக, பழுப்பேறி இருக்கும். சல்லிவேரே இருக்காது, கை பட்டால் ஒடியும்.

இரண்டாவது காரணம் கால்சியம். இதை அநேகம் பேர் கவனிப்பதில்லை. மணிச்சத்தையோ (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தையோ (பொட்டாசியம்) மேல்வேர் எடுத்தால் போதும், செடி அதை அடிவேருக்கு அனுப்பிவிடும். கால்சியம் தண்ணீரோடு மேலே ஏறும், அவ்வளவுதான். இலையிலிருந்து வேருக்குத் திரும்பாது. அந்தச் சத்துகள் வீட்டுச் சாப்பாடு மாதிரி வேரைத் தேடி வரும், கால்சியத்தையோ வேர் போன இடத்தில்தான் சாப்பிட்டாக வேண்டும். அடிமண்ணில் கால்சியம் இல்லையென்றால் வேர்நுனி அங்கேயே நின்றுவிடும். மேல்மண்ணில் எவ்வளவு கொட்டியும் பயனில்லை.

சரி, அமிலத்தைக் குறைத்துக் கால்சியமும் தரும் சுண்ணாம்பை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடலாமே? அது எளிதில் கரையாது. உழுது கலந்த ஆழத்தை விட்டுக் கீழே இறங்கப் பல வருடம் ஆகும்.

விடை ஓர் உர மூட்டைக்குள் இருந்தது. பிரேசிலின் தலைநகர் பிரேசிலியா அருகே நடந்த சோதனைகளில், சாதாரண சூப்பர் பாஸ்பேட் போட்ட வயல்களில் வேர் ஆழமாகப் போயிருந்தது. அந்த உரத்தில் ஏறக்குறைய பாதி ஜிப்சம், அதாவது கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்த உப்பு. 1980இல் வெளிவந்த அந்த ஆய்வில் பங்கேற்ற எட்சன் லோபாட்டோ, 2006இல் உலக உணவுப் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

ஜிப்சம் பிஎச்சை அவ்வளவாக மாற்றாது. ஆனால் மழையில் கரைந்து கால்சியத்தை அடிமண்ணுக்குக் கொண்டுபோகும். கூடவே போகும் சல்பேட், அலுமினியத்தோடு சேர்ந்து அதன் நஞ்சைக் குறைக்கும். அளவு மீறினால் மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும்!

சில கோதுமை ரகங்கள் வேர்நுனியில் மாலேட் என்ற கரிம அமிலப் பொருளைச் சுரந்து அலுமினியத்தைக் கட்டிப்போடுகின்றன. அதற்கான மரபணு 2004இல் பிடிபட்டது. ஆனாலும் மாலேட் கால்சியத்தைத் தராது. அதனால் செராடோவில் அடிமண்ணையும் தனியாகப் பரிசோதிக்கிறார்கள். ஜிப்சம் தேவைப்பட்டால், மண்ணில் களிமண் எத்தனை சதவீதமோ அதை 50ஆல் பெருக்குவார்கள். களிமண் 40 சதவீதம் என்றால், பருவப் பயிருக்கு ஹெக்டேருக்கு 2,000 கிலோ ஜிப்சம்.