போர்த்துக்கீசியப் போர்க்கப்பல்: கரையில் கிடக்கும் நீலப் பை

மழைக்காலத்தில் மும்பை ஜுஹு கடற்கரையில் நடந்தால், காற்று அடைத்த நீலப் பை ஒன்று மணலில் கிடக்கலாம். அடியில் நீல நூல்கள் சுருண்டிருக்கும். அது பையல்ல, கொட்டும் கடல் உயிரி. 2018 ஆகஸ்டில் இவை கூட்டமாக ஒதுங்கிப் பலரைக் கொட்டின. அங்கே இதை ‘புளூபாட்டில்’ என்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் அதே பெயர்தான். அறிவியல் பெயர் ஃபைசாலியா. நீர்க்குமிழி, ஊதிய பை என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு ‘போர்ச்சுகீஸ் மேன் ஆஃப் வார்’ என்று இன்னொரு பெயர் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘போர்த்துக்கீசியப் போர் மனிதன்’ என்றாகிவிடும். அது தவறு. ‘மேன் ஆஃப் வார்’ என்பது பாய்மரக் காலத்துப் போர்க்கப்பலைக் குறித்த சொல். நீர்மேல் நிமிர்ந்து நிற்கும் பையின் முகடு, பாய் விரித்த கப்பலை நினைவூட்டியதால் வந்த பெயர். ஆகவே ‘போர்த்துக்கீசியப் போர்க்கப்பல்’ என்பதே சரி.

அந்த முகடு உண்மையிலேயே பாய்தான். இந்த உயிரியால் நீந்த முடியாது, காற்று தள்ளும் பக்கம் போகும். சிலவற்றுக்குப் பாய் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், சிலவற்றுக்கு வலப்பக்கம். அதனால் ஒரே காற்றில் இரு வகையும் வெவ்வேறு திசையில் பிரிந்து போகின்றன.

சரி, இது ஜெல்லிமீனா? இல்லை. ஜெல்லிமீனுக்குத் தமிழில் இழுதுமீன், சொறிமுட்டை என்ற நல்ல பெயர்கள் இருக்கின்றன. ஆனால் இழுதுமீன் தனி உயிர். ஃபைசாலியாவோ ஒரே கருவிலிருந்து மொட்டுவிட்டுப் பெருகிய பல உயிரிகளின் கூட்டம். மிதப்பது ஒன்று, இரையைப் பிடிப்பவை சில, செரிப்பவை சில, இனம் பெருக்குபவை சில. ஒன்றைப் பிரித்தால் தனியாகப் பிழைக்காது.

தமிழில் சுருக்கமாக ஒரு பெயர் வேண்டுமென்றால் ‘பாய்ச்சொறி’ என்பேன். பாய் உருவத்தைச் சொல்லும், சொறி ஆபத்தைச் சொல்லும். ஆபத்தைச் சொல்வது முக்கியம். இதன் கொட்டும் நூல்கள் 30 மீட்டர் வரை நீளக்கூடியவை. கரையில் செத்துக் கிடந்தாலும் கொட்டும். பிள்ளைகள் பலூன் என்று நினைத்து எடுக்கப் போவார்கள், விடாதீர்கள்.

கொட்டிவிட்டால் மணலால் தேய்க்கக் கூடாது. ஒட்டிய நூல்களை எடுத்துவிட்டு, கொட்டிய இடத்தைக் கடல்நீரில் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் வைப்பது ஆஸ்திரேலியாவில் பின்பற்றும் முறை. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.