ஸ்லாப்: மீன் தொட்டிக்கு வந்து சேர்ற ஒப்பேத்தல் பதில்கள்

மீன் வளர்க்கிறவங்க நடுவுல இப்போ அடிக்கடி அடிபடுற வார்த்தை "ஸ்லாப்". யாராவது ஒரு பதில் போட்டா "இது ஏஐ ஸ்லாப், நம்பி எதையும் செஞ்சிடாதீங்க"ன்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, புதுசா தொட்டி வச்சவங்களுக்கு அது என்ன வார்த்தைன்னே புரியாது. ஏஐ கிட்ட கேட்டு வர்றத ஒழுங்கா படிச்சுக்கூட பாக்காம, சரியா தப்பான்னு யோசிக்காம, அப்படியே காப்பி பண்ணி அடுத்தவங்க முன்னாடி கொட்டுற சரக்குக்குத்தான் அந்தப் பேரு. பதிலா இருக்கலாம், போட்டோவா இருக்கலாம், வீடியோவாகவும் இருக்கலாம். அமெரிக்காவோட மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2025ஆம் வருஷத்துக்கான வார்த்தையா இதைத்தான் தேர்ந்தெடுத்தாங்க, ஆஸ்திரேலியாவோட மக்குவாரி அகராதியும் அதே வருஷம் "ஏஐ ஸ்லாப்"னு ரெண்டு சொல்லா சேர்த்துத் தேர்ந்தெடுத்தாங்க.

வார்த்தை என்னவோ ரொம்பப் பழசு. அறுநூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல இதுக்கு சேத்துக்குழின்னு அர்த்தம். அதுக்கும் முன்னாடி சாணத்தைக் குறிக்கிற ஒரு சொல்லுல இருந்து வந்திருக்கும்னு சொல்றாங்க. கவ்ஸ்லிப்னு ஒரு மஞ்சப் பூ இருக்கு, அந்தப் பேரோட மூலமே மாட்டுச் சாணம்தானாம். அப்புறம் தண்ணியா, ருசியில்லாம இருக்கிற சாப்பாடுன்னு மாறி, பாத்திரம் கழுவின அழுக்குத் தண்ணி, பன்னிக்கு ஊத்துற மிச்சம் மீதின்னு வந்து நின்னுச்சு. 2024 மே மாசம் சைமன் வில்லிசன்ங்கிற ப்ரோகிராமர், நாம கேக்காமலே வந்து விழற மெயிலுக்கு ஸ்பேம்னு ஒரு பேர் அமைஞ்ச மாதிரி, யாரும் கேக்காத ஏஐ சரக்குக்கு ஸ்லாப்னு பேர் அமையணும்னு எழுதினார். அவர் உண்டாக்கின வார்த்தை இல்ல, ஏற்கனவே அங்கங்க ஓடிட்டிருந்தத எடுத்துப் பரப்பினார். இப்போ எல்லார் வாயிலயும் அதுதான்.

மத்த எந்த விஷயத்துல ஸ்லாப் வந்தாலும் எரிச்சலோட போயிடும், மீன் வளர்ப்புல வந்தா உயிர் போகுது. மீன் கழிவுல இருந்து தண்ணில சேர்ற விஷம்தான் அம்மோனியா. ஒருத்தர் "அம்மோனியா டெஸ்ட்ல 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் காட்டுது, என்ன செய்யலாம்"னு கேக்கறார்னு வைங்க. கால் பங்கு தண்ணி மாத்துங்க, தீனியக் குறைங்க, ஃபில்டரக் கழுவுங்கன்னு அழகா நம்பர் போட்டு பதில் வரும். படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அம்மோனியாவோட விஷம் அந்த 1ங்கிற நம்பர்ல மட்டும் இல்ல, தண்ணியோட பிஎச்லயும் (தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற அளவு) சூட்டுலயும் இருக்கு. 25 டிகிரில பிஎச் 7 இருந்தா மொத்த அம்மோனியாவுல ஒரு சதவீதத்துக்கும் கம்மியாத்தான் விஷமான வடிவத்துல இருக்கும், அதே பிஎச் 8 ஆனா அஞ்சு சதவீதத்தத் தாண்டிடும், கிட்டத்தட்ட பத்து மடங்கு. நம்ம ஊர் போர் தண்ணி நிறைய இடத்துல 8க்குப் பக்கத்துல நிக்கும். அதனால விஷயம் தெரிஞ்ச ஆள் முதல்ல பிஎச் எவ்வளவு, தொட்டி வச்சு எத்தனை வாரம் ஆச்சு, எத்தனை மீன், போர் தண்ணியா மெட்ரோ தண்ணியான்னு கேப்பார், அப்புறம்தான் வாயத் திறப்பார்.

அந்த "ஃபில்டரக் கழுவுங்க"லயும் ஒரு ஆபத்து இருக்கு. அம்மோனியாவ நைட்ரைட்டாவும், நைட்ரைட்ட நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா முக்கால்வாசி ஃபில்டர் ஸ்பாஞ்சுலதான் குடியிருக்கு. அது புதுசா வளந்து நிலைக்க நாலஞ்சு வாரமாவது ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணில ஸ்பாஞ்சப் பிழிஞ்சு கழுவினா அந்தக் கூட்டமே செத்துடும், அம்மோனியா இன்னும் ஏறும். தொட்டில இருந்து எடுத்த பழைய தண்ணிலயே லேசா அலசணும், இத சொல்லாம விட்ட பதில் பாதி பதில்.

அதே மாதிரிதான் "ஹீட்டர் போட்டு 26 டிகிரில வைங்க"ங்கிறதும். மே மாசம் சென்னைல ஒரு வீட்டுத் தொட்டி ஹீட்டரே இல்லாம 30ஐத் தாண்டி நிக்குது. 20 டிகிரில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனப் பிடிச்சு வைக்கும், 30 டிகிரில ஏழரைதான். கோல்டு ஃபிஷ் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுன்னா அங்க தேவை ஏர் பம்பும் தண்ணி மேல காத்து வீசுற ஒரு ஃபேனும்தான். மீன் தொட்டி பத்தி இங்கிலீஷ்ல எழுதினதுல பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரங்க எழுதினது, ஏஐ அதையெல்லாம் படிச்சு அடுத்து எந்த வார்த்தை வரும்னு கணிச்சு எழுதற விஷயம், கேட்டவர் சென்னை கொளத்தூர்ல மீன் வாங்கினவரா கனடால வாங்கினவரான்னு அதுவாத் தெரிஞ்சுக்காது. பதில்ல திடீர்னு கேலன் கணக்கும் ஃபாரன்ஹீட்டும் எட்டிப் பாத்தா, எங்கிருந்து வந்ததுன்னு புரிஞ்சிடும்.

இன்னும் கொடுமை வெள்ளைப் புள்ளி நோய்ல. அந்தக் கிருமி மீனோட தோலுக்கு அடியில உக்காந்திருக்கும்போது மருந்து அத எட்டாது. முத்தினதும் மீன விட்டு விழுந்து, கீழ ஒட்டிக்கிட்டு நூத்துக்கணக்கான குஞ்சாப் பிரிஞ்சு, மறுபடி மீனத் தேடி நீந்தும், அந்த நீந்தற நேரத்துலதான் மருந்து வேலை செய்யும். அதனால புள்ளி மறைஞ்ச பிறகும் சில நாள் மருந்த விடக்கூடாது. மூணு நாள் போடுங்க போதும்னு ஒரு பதில், காப்பர் கலந்த மருந்து போடுங்கன்னு இன்னொரு பதில், ரெண்டுமே உங்க தொட்டில இறால் இருக்கா நத்தை இருக்கான்னு கேக்கல. காப்பர்னா இறாலுக்கும் நத்தைக்கும் எமன்.

போட்டோ விஷயத்த ரொம்ப நீட்டல, இயற்கையில இல்லாத கலர்ல ஃபைட்டர் மீன உண்டாக்கிப் போடறாங்க, அதப் பாத்து இந்த வெரைட்டி எங்க கிடைக்கும்னு சின்னப் பசங்க அலையறாங்க. ப்ரோகிராமர்கள் கேள்வி கேக்கற ஸ்டாக் ஓவர்ஃப்ளோல 2022 டிசம்பர்லயே சாட்ஜிபிடி பதிலுக்குத் தடை போட்டாங்க. பாக்க சரியான பதில் மாதிரியே இருக்கு, நிறைய தப்பா இருக்கு, ஆனா உண்டாக்க நொடிதான் ஆகுது, சரி பாக்கறவங்களால ஈடு கொடுக்க முடியலங்கிறதுதான் அவங்க சொன்ன காரணம். மீன் விஷயத்துலயும் இதேதான் நடக்குது, பத்து வருஷம் மீன் வளத்த ஒருத்தர் ஒரு தப்பான பதிலத் திருத்தி எழுதி முடிக்கறதுக்குள்ள இன்னும் நாலு வந்து விழுந்திடுது, கடைசில அவர் சலிச்சுப்போய் பேசறதயே நிறுத்திடறார், எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாத் தெரியுது.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? நேர் அர்த்தம் பாத்தா கழுநீர்தான், பேச்சுல கழனித்தண்ணி. அரிசி களைஞ்ச தண்ணி, வடிச்ச கஞ்சி, காய்த்தோல் எல்லாம் சேர்ற பானை. ஆனா நம்ம வீடுகள்ல அது வீணாப் போற பொருளே கிடையாது, தவிடும் பிண்ணாக்கும் கலந்து மாட்டுக்கு வச்சா பாலா மாறி வரும். இந்தக் குப்பைக்கு அந்தப் பேர வைக்க எனக்கு மனசு வரல. "குப்பை"ன்னா ரொம்பப் பொதுவா இருக்கு. "அரைவேக்காடு" கிட்ட வருது, ஆனா அரைவேக்காட்டுல ஆள் முயற்சி பண்ணி வேகாமப் போயிருக்கலாம், அதுவுமில்லாம ஸ்லாப் பாக்க முழுசா வெந்த மாதிரியேதான் இருக்கும். "வழவழா கொழகொழா" பேச்சோட நடையச் சொல்லுது, அதுக்குப் பின்னாடி இருக்கிற அலட்சியத்தச் சொல்லல.

எனக்குச் சரியாப் படறது "ஒப்பேத்தல்", எழுத்துத் தமிழ்ல ஒப்பேற்றல். ஏதோ செஞ்ச மாதிரி காட்டி கணக்க முடிக்கறதுக்கு நாம எப்பவும் சொல்றது, "வேலைய ஒப்பேத்திட்டுப் போயிட்டான்". ஏஐ ஸ்லாப்புக்கு "செய்யறிவு ஒப்பேத்தல்"னு முழுசாச் சொல்லலாம், சாதாரணமா "ஒப்பேத்தல் பதில்"னாலே போதும். இந்த வார்த்தைல ஒப்பேத்தற ஒரு ஆள் இருக்கார், அதனாலதான் எனக்கு இது பிடிச்சிருக்கு. ஸ்லாப்னு சொல்லும்போது பழி மெஷின் மேல போயிடுது, படிக்காம எடுத்து ஒட்டின மனுஷன் தப்பிச்சிடறார்.

அதனால தமிழ்ல டைப் பண்ணத் தெரியாதவர் தன் தொட்டி விவரம் எல்லாம் ஏஐ கிட்ட சொல்லி, வந்தத டெஸ்ட் கிட் வச்சு சரிபாத்து, தனக்கு எது நடந்துச்சுன்னு சேத்து எழுதினா அது ஒப்பேத்தல்ல வராது. "மீன் செத்துடுச்சு, ஏன்?"னு ஒரே வரில கேக்கற புது ஆளையும் நான் இதுல சேக்க மாட்டேன், எந்த விவரம் சொல்லணும்னே அவருக்கு இன்னும் தெரியாது, லிட்டர் எவ்வளவுன்னு நாமதான் கேக்கணும். ஒட்டினவர்கிட்ட "உங்க தொட்டில இத செஞ்சு பாத்தீங்களா, பிஎச் என்ன இருந்துச்சு?"ன்னு கேளுங்க. செஞ்சு பாத்தவர்னா பதில் இருக்கும்.